கூட்டம் கூடினால் ஆட்டு வாடை

மாடி அறையில் ஆள் இல்லாதபோது எந்த வாடையும் இல்லை. கூட்டம் கூடினால் மட்டும் ஆட்டு வாடை அடித்தது.

லேசான வாடை என்று தள்ளிவிடவும் முடியாது. மழையில் நனைந்த கிடா ஒன்று மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு அசைபோடுவது போன்ற வாடை. வந்தவர்கள் வணக்கம் சொல்லி உட்காரும்போது இருக்காது. தேநீர் வந்து, பேச்சு சூடு பிடித்து, யாராவது ஒருவர் "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்று குரலை உயர்த்தும்போது மெல்ல எட்டிப் பார்க்கும். கூட்டம் முடிகிற சமயத்தில் மூக்கைப் பிடிக்காமல் உட்கார முடியாது. ஆனால் நாலு பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் யார் முதலில் மூக்கைப் பிடிப்பது? ஆளாளுக்குக் கைக்குட்டையை எடுத்து, வேர்க்காத முகத்தை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறை ஆர்க்கிடெக்டுடையது. கீழே வீடு, மாடியில் அவளுடைய அலுவலகம். கணவன் கப்பலில் இன்ஜினியர்; வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். வீட்டில் அவள், மாமனார், கொழுந்தன் மூன்று பேர்தான். மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்தன் காண்ட்ராக்டர், அண்ணி வரைவதைக் கட்டித் தருவது அவன் வேலை. இதுவரை அவள் வரைந்து அவன் கட்டியவை ஒரு சித்தப்பாவின் கார் கொட்டகை, ஒரு பெரியம்மாவின் குளியலறை, ஒரு நாய்க்கூண்டு. நாய்க்கூண்டைப் பார்க்கத் தெருவே வந்து பாராட்டிவிட்டுப் போனது. நாய் மட்டும் அதில் படுக்க மறுத்துவிட்டது.

இந்த நிலையில்தான் நூலகக் குழு வந்தது. பொது நூலகத்துக்குப் புதிதாக ஒரு வாசிப்பு மண்டபம். உறவுக்காரர் அல்லாத ஒருவர் அவளிடம் கட்டடம் கேட்டது அதுதான் முதல் தடவை. குழுவின் தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. பொருளாளருக்குக் கான்கிரீட், கண்ணாடி, ஏசி என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு எதுவும் கட்டடமாகத் தெரியவில்லை. அவளுக்கோ ஒரு பொருளைப் பார்த்தால் மூன்று கேள்விகள் தானாக வரும்: இது எங்கிருந்து வந்தது, வருவதற்கு என்ன எரிந்தது, கட்டடம் முடிந்துபோன பிறகு இது எங்கே போகும்? மண்டபத்துக்கு அவள் சொன்ன பொருள்கள் எல்லாம் இந்தக் கேள்விகளில் தேறியவை. அஸ்திவாரம் தோண்டும்போது வருகிற மண்ணையே சுண்ணாம்பு கலந்து அழுத்திய கற்கள். இடித்த வீடுகளிலிருந்து எடுத்த கதவு, ஜன்னல். மூங்கில் கூரை. கூரைக்கு அடியில் மூங்கில் பாய். பாய்க்கு மேலே, வெயில் உள்ளே இறங்காமல் இருக்க, செம்மறி ஆட்டு ரோமம்.

சும்மா சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் தன் மாடி அறையையே முதலில் அப்படிக் கட்டிக்கொண்டாள். முதல் கூட்டத்துக்கு டீச்சரையும் பொருளாளரையும் இன்னும் இரண்டு பேரையும் அங்கேயே அழைத்தாள்.

"கம்பளியா? இந்த வெயில்லயா?" என்றார் பொருளாளர். "ஏம்மா, நூலகத்துக்குக் குளிர் ஜுரமா?"

அவள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள். இரண்டு ஐஸ் கட்டிகள் கொண்டுவரச் சொன்னாள். ஒன்றைத் தட்டில் அப்படியே வைத்தாள். இன்னொன்றை ரோமத்தில் சுற்றி வைத்தாள். கம்பளி சூடு தருவதில்லை. சூட்டை நகரவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் தடுப்பு. உள்ளே மனிதன் இருந்தால் அவன் சூடு வெளியே போகாது. உள்ளே ஐஸ் இருந்தால் வெளிச்சூடு அதனிடம் வராது. பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டு ஐஸ் தண்ணீராகி வழிந்து பொருளாளரின் காகிதங்களை நனைத்தது. சுற்றி வைத்த ஐஸ் பிரித்தபோது கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பொருளாளர் நனைந்த காகிதங்களை உதறிவிட்டு அந்த ஐஸைத் தொட்டுப் பார்த்தார். அந்த வெற்றியின் உச்சத்தில்தான் வாடை வந்தது.

டீச்சருக்குப் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் அவருக்கு வேலை ஒன்றுமில்லை. தேநீரும் வாக்குவாதமும் இருக்கும் இடத்தில் அவர் இருப்பார். டீச்சர் தன் நாற்காலியை அவரிடமிருந்து ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். சிறிது நேரம் கழித்து இன்னொரு சாண். கிளம்பும்போது, "அறை குளுகுளுன்னு நல்லா இருக்கு. வெள்ளிக்கிழமை குழு முழுசா வரோம். இங்கயே உட்கார்ந்து பார்த்து, இதுவா கான்கிரீட்டான்னு முடிவு பண்ணிடறோம்" என்றார். படியில் பாதி இறங்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஆடு வளர்க்கறீங்களா?"

"இல்லையே டீச்சர்."

"ம்" என்றார் டீச்சர். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளுக்கு அந்த 'ம்' நன்றாக நினைவிருக்கும்.

அதற்கு முன்பு சித்தப்பாவும் சம்பந்தி வீட்டாரும் அந்த அறையில் கூடிப் பேசியபோதும் இதே வாடை அடித்ததுதான். வந்தவர்களில் ஒருவரைச் சந்தேகப்பட்டு விட்டுவிட்டார்கள். இனி அப்படி விட முடியாது. வெள்ளிக்கிழமை குழு முழுவதும் வந்து உட்கார்ந்து அந்த வாடை அடித்தால், கான்கிரீட் ஜெயிக்கும். அவள் மறுபடி பெரியம்மாவின் இரண்டாவது குளியலறைக்குப் போக வேண்டியதுதான்.

விசாரணையை மாமனார் எடுத்துக்கொண்டார். "முப்பது வருஷம் ஓடற வண்டியில ஆள் பிடிச்சவன்மா நான். டிக்கெட் இல்லாதவன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். இதை என்கிட்ட விடு."

அவருடைய முறை எளிமையானது. அறைக்குள் ஒவ்வொருவராக உட்கார வைத்து, கதவு ஜன்னலை மூடிவிட்டு, சிறிது நேரம் கழித்துத் தலையை உள்ளே நீட்டி மோந்து பார்ப்பது. முதலில் கொழுந்தன். வாடை இல்லை. மறுபடி அவனே, சாக்ஸோடு. இருந்தது, ஆனால் அது ஆடு இல்லை. பிறகு ஆர்க்கிடெக்ட். இல்லை. போன கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த கடைக்காரரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார். "என்ன சார், கடையில ஆள் நிக்குதே" என்று அவர் புலம்பியதுதான் மிச்சம். இல்லை.

"தனித்தனியா எல்லாரும் யோக்கியம்" என்றார் மாமனார், நெற்றியைத் தடவிக்கொண்டு. "ஒண்ணா சேர்ந்தா மட்டும் நாறுது. அரசியல் கட்சி மாதிரி இருக்கே."

"எல்லாரையும் பார்த்தாச்சா?" என்றான் கொழுந்தன்.

"பார்த்தாச்சு."

"ஒருத்தர் பாக்கி இருக்கார்ப்பா. ஒரு கூட்டம் விடாம உட்கார்ந்திருந்தவர். டீச்சர் நாற்காலியை யார்கிட்டேந்து நகர்த்தினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

எதிர்வீட்டு இரும்புப் பட்டறையில் கம்பி அறுக்கும் ஓசை கேட்டது.

"டேய்" என்றார் மாமனார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவள் சட்டென்று ஐஸ் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். இது எந்த மருமகளும் மாமனாரிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் அவள் 'இல்லை' என்றும் சொல்லவில்லை. அது போதுமானதாக இருந்தது.

அவர் எழுந்து கீழே போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. குளித்துவிட்டு வந்தவர் அலமாரியில் இருந்த அத்தனை சட்டைகளையும் அள்ளிப் போட்டுத் துவைத்தார். துவைத்து முடித்தபோது தூறல். வெளியே காயப்போட முடியாது. மாடி அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, சொட்டச் சொட்டச் சட்டைகளை மாட்டினார். பட்டறையின் இரும்புத் தூசி பட்டுவிடக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுக்கப் போனார்.

காலையில் ஆர்க்கிடெக்ட் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். ஒரு மந்தையே அறைக்குள் படுத்து எழுந்து போனது போல் வாடை அவள் முகத்தில் அடித்தது.

உள்ளே யாரும் இல்லை. யாரும் வந்திருக்கவும் முடியாது.

"பார்த்தியா! பார்த்தியாம்மா!" பின்னாலேயே வந்த மாமனாருக்குச் சந்தோஷத்தில் குரல் உடைந்தது. "நான் கீழ படுத்திருந்தேன்! என் குறட்டையை நீயே கேட்டிருப்பே! டேய், எழுந்து வாடா! உன் அப்பன் நிரபராதி!"

கொழுந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "சட்டை நாறுதுப்பா."

ஆர்க்கிடெக்ட் ஒரு சட்டையைப் பிடித்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். கையில் ஈரம் ஒட்டியது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து நீர்க்கோடுகள் வழிந்துகொண்டிருந்தன. ஆள் இல்லை, சட்டை இருக்கிறது. சட்டையில் வாடை இல்லை, ஈரம் இருக்கிறது. அவள் அந்த இடத்தில் நின்றாள். கூட்டம் என்றால் என்ன? ஏழெட்டுப் பேர் மூச்சு. ஏழெட்டுக் கோப்பைத் தேநீரின் ஆவி. பட்டறைச் சத்தத்துக்குப் பயந்து சாத்திய ஜன்னல்கள். ஒரு ஆள் தனியாக உட்கார்ந்தால் அவ்வளவு ஈரம் சேராது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாதாடினால் சேரும். ஈரக் காற்று மேலே போகும். மேலே...

மூவரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவள் மேசைமேல் ஏறி மூங்கில் பாயின் ஓரத்தைத் தளர்த்தி, ஒரு கை ரோமத்தை உருவினாள். வாடை அடித்தது. அதைக் கீழே எடுத்துப்போய், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் சூட்டில் வைத்துவிட்டு வந்தாள். சிறிது நேரத்தில் அது நன்றாக உலர்ந்து, வாடையே இல்லாமல் சாதுவாக இருந்தது. வாய்க்கு அருகில் பிடித்து "ஹா" என்று ஊதினாள். கிடா எழுந்து வந்தது.

"குடு, குடு" என்று மாமனார் வாங்கி "ஹா" என்றார். முகம் மலர்ந்தது. கொழுந்தன் வாங்கி "ஹா" என்றான். கண்ணாடி பார்த்துச் சந்தோஷப்படும் குழந்தைகள் போல மூவரும் மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் அழகானது. ரோம இழை காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை குடித்தாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அப்படி உள்ளே வருகிற ஈரத்துக்கு உட்கார இடம் வேண்டும். இழையில் ஏற்கெனவே ஆட்டின் வியர்வையும் கொழுப்பும் விட்டுப்போன வாடை உட்கார்ந்திருக்கிறது. ஈரம் வந்ததும் அந்த வாடை எழுந்து காற்றில் கலந்துவிடுகிறது.

"இதென்ன பெரிய கம்பசூத்திரம்?" என்றார் மாமனார். "ரிசர்வேஷன் டிக்கெட்டோட ஒருத்தன் ஏறினா, சும்மா உட்கார்ந்திருந்தவன் எழுந்துதானே ஆகணும்? எழுந்தவன் வண்டி பூராவும் திரிவான். நான் கீழ சீட்டு சீட்டா தேடிட்டிருந்தேன். பய மேல பெட்டி வைக்கிற பலகையில படுத்திருந்திருக்கான்!"

"ஆனா கழுவிட்டுத்தானே மேல வச்சோம்?" என்றாள் ஆர்க்கிடெக்ட். "ஏன் இவ்வளவு அழுக்கு மிச்சம் இருக்கு?"

கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டான். இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தது தெரிந்தது.

"அண்ணி, நான் என்ன கேட்டேன்? வெந்நீர் கேட்டேன், சோப்பு கேட்டேன், ரெண்டு மூணு அலசல் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவளுக்கு நினைவு வந்தது. தண்ணீர் விஷயத்தில் அவள் கறாரானவள். அந்த வீட்டில் பல் தேய்க்கும்போது குழாய் திறந்திருந்தால் மாடியிலிருந்தே அவளுக்குக் கேட்டுவிடும். ரோமம் கழுவிய அன்று குழாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு தவணை ரோமத்துக்கு ஒரே ஒரு தொட்டி, பச்சைத் தண்ணீர், ஒரே முக்கு என்று அவள்தான் சட்டம் போட்டாள். வேறு எந்தக் கட்டடக்காரரும் கம்பளியை இப்படிக் கழுவியிருக்க மாட்டார். சுற்றுச்சூழலை நினைத்து நினைத்து, ஆட்டில் பாதியைக் கூரைக்குள்ளேயே விட்டுவைத்திருந்தாள்.

"குடம் குடமா ஊத்தினா அப்புறம் இது என்ன பசுமைக் கட்டடம்?" என்றாள். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

"சரி விடுங்க. வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழி சொல்றேன்" என்றான் கொழுந்தன். "ரோமத்தை எடுத்துட்டு, மேல தெர்மோகோல் ஷீட் அடிச்சிடுவோம். பாய் மறைச்சிடும், யாருக்குத் தெரியும்? ஆர்டர் கையில வந்ததும் மெதுவா யோசிப்போம்."

அவள் யோசிக்காமல் இல்லை. மேசை விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். மண்டபம் கட்டி, பிள்ளைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்து, அன்றைக்கு மேலே இருந்து மந்தை இறங்கினால்? வாடைக்குப் பயந்து மண்டபத்திலும் தெர்மோகோல் வைத்தால், அப்புறம் ஐஸ் கட்டியெல்லாம் எதற்கு? பொருளாளரையே கூப்பிட்டு நாற்காலியைக் கொடுத்துவிடலாம்.

"வேண்டாம். கழுவுவோம். எல்லாத்தையும் இறக்கு" என்றாள்.

தூறல் விட்டு நல்ல வெயில் வந்திருந்தது. மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி நிரம்பக் கொதிக்கிற தண்ணீர். கொழுந்தன் ஒரு கறுப்புத் தொட்டியில் வெந்நீரும் சோப்பும் விட்டு, ரோமத்தை அமுக்கி, சிமென்ட் கலவை கிண்டுகிற உற்சாகத்தோடு கட்டையால் கிண்டித் தள்ளினான். நுரை பொங்கியது. "இப்ப பாருங்க அண்ணி, ஆடு எங்க ஓடுதுன்னு!" என்று கையை விட்டு எடுத்தான். வந்தது ரோமம் இல்லை. தொட்டியின் அடிப்பாகத்தின் அளவில், வட்டமாக, கெட்டியாக ஒரு தகடு.

"என்ன அண்ணி இது? ஆட்டுக்கு மூடியா?"

ரோம இழையை உருப்பெருக்கியில் பார்த்தால், மேலே ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் இருக்கும். வெந்நீரில் அவை விரியும். அந்த நேரத்தில் கிண்டினால் ஓர் இழையின் செதில் இன்னொன்றில் மாட்டி, பின்னால் வர முடியாமல் இறுகிக்கொள்ளும். சூட்டிலிருந்து தடாலென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் அப்படித்தான். இறுகிய பிறகு உள்ளே காற்றுக்கு இடம் இல்லை. காற்று இல்லாவிட்டால் வெயிலைத் தடுக்கவும் முடியாது. மாமனார் அந்தத் தகட்டை வெயிலில் வைத்து, நாற்காலியில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "இது எனக்கு" என்று சொல்லி எடுத்துக்கொண்டார்.

அடுத்த தவணையை அவளே செய்தாள். முதல் தொட்டியில் வெறும் வெந்நீர். ரோமத்தை மெதுவாக அமுக்கி, மூடி போட்டு ஊறவிட்டாள். ஆட்டின் வியர்வை உப்பு தண்ணீரிலேயே கரையும். தண்ணீர் காய்ச்சிய டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. இரண்டாவது தொட்டியில் வெந்நீரும் சோப்பும். கொழுப்பு தண்ணீரில் கரையாது, சோப்புக்குத்தான் பிடிகொடுக்கும். அலுங்காமல் தூக்கி மூன்றாவது தொட்டியில் நல்ல வெந்நீர். மொட்டைமாடியில் வலைமேல் பரப்பி உலர்த்தினாள். சாயங்காலம் மூவரும் வரிசையாக நின்று "ஹா" என்றார்கள். ஒன்றும் வரவில்லை. மாமனார் விடாமல் இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து "ஹாஆ" என்று ஊதினார். இருமல்தான் வந்தது.

கொழுந்தன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பில் வெடித்திருந்த கை, ஆட்டுக் கொழுப்பில் ஊறி வெண்ணெய் போல் ஆகியிருந்தது. "அண்ணி, கட்டட வேலையை விட்டுட்டு க்ரீம் விப்போமா?"

அவள் சிரிக்கவில்லை. மூன்று தொட்டிகளையும் பார்த்தபடி நின்றாள். ஒரு கூடை ரோமத்துக்கு மூன்று தொட்டித் தண்ணீர். ஒரு மண்டபக் கூரைக்கு எத்தனை கூடை? பொருளாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவர் கேட்காவிட்டாலும் அவளே கேட்டுக்கொள்வாள். வாடை போய்விட்டது, இப்போது கணக்கு நாறியது.

கொழுந்தன் மூன்றாவது தொட்டியைக் கவிழ்க்கக் குனிந்தான்.

"நில்லு."

மூன்றாவது தொட்டியின் தண்ணீரில் அடிப்பாகம் தெளிவாகத் தெரிந்தது. லேசான மங்கல், அவ்வளவுதான். இரண்டாவதில் நுரை மிச்சமிருந்தது. கூரையிலிருந்து இறக்கி, இன்னும் சரியாகக் கழுவாத கூடையை அவள் பார்த்தாள். ஒரே முக்கில் போகாத சேறும் வைக்கோலும் அதில் ஒட்டியிருந்தன. இவ்வளவு அழுக்கான ரோமத்துக்கு எடுத்தவுடன் சுத்தமான தண்ணீர் எதற்கு?

"தம்பி, மூணாவது தொட்டித் தண்ணியை ரெண்டாவதுல ஊத்து. இல்ல இல்ல, முதல்ல முதல் தொட்டியைக் காலி பண்ணு. அந்தப் பழுப்புத் தண்ணி வாசல் மரத்துக்கு. அதுல இருக்கற உப்பு மரத்துக்கு உரம்தான். அப்புறம் ரெண்டாவது தண்ணி முதல் தொட்டிக்கு. மூணாவது ரெண்டாவதுக்கு, கொஞ்சம் சோப்பு மட்டும் சேர்த்துக்கோ. மூணாவதுல மட்டும் புதுத் தண்ணி."

கொழுந்தன் விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினான். "ரோமம் முன்னாடி போகுது. தண்ணி பின்னாடி வருது."

"ஒண்ணு போற வண்டி, ஒண்ணு வர வண்டி" என்றார் மாமனார், தன் புதிய ஆசனத்தில் இருந்தபடி.

"ரோமம் சுத்தமாக ஆக, சுத்தமான தண்ணியைப் பார்க்குது. தண்ணி அழுக்காக ஆக, அழுக்கான ரோமத்தைப் பார்க்குது. ஒவ்வொரு தண்ணியும் மூணு தடவை வேலை செய்யுது" என்றாள். சொல்லும்போதே முகம் மாறியது. "புதுசா எவ்வளவு பிடிக்குது பார்த்தியா? ஒரு தவணைக்கு ஒரே ஒரு தொட்டி!"

"அதாவது, நீங்க முதல்ல குடுத்த அதே ஒரு தொட்டி" என்றான் கொழுந்தன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

தொட்டிகளுக்கு மூடி போட்டு வெயிலில் வைத்ததால் பழைய தண்ணீரும் சூடு ஆறவில்லை. வியாழக்கிழமை கூரைக்கு மேல் கடைசிக் கூடை ஏறியது. அன்று சாயங்காலம் சோதனை. மாமனார் தன் சட்டைகளை இரண்டாவது தடவையாக நனைத்து மாடி அறையில் மாட்டினார். "போட்டுக் கிழிஞ்ச சட்டையைப் பார்த்திருக்கேன். சோதனைக்குத் துவைச்சே கிழிஞ்சது இதுதான்" என்று முணுமுணுத்தார். கதவு திறந்தபோது சோப்பு வாசனை மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை குழு முழுவதும் வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, எதிரே பட்டறை அலறிக்கொண்டிருந்தது. மாமனார் தன் வட்ட ஆசனத்தோடு வாசல் ஓரத்தில், டீச்சருக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. பொருளாளர் கான்கிரீட்டுக்காகப் பேசினார். நூலகர் மண்ணுக்காகப் பேசினார். "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்று ஒருவர் குரலை உயர்த்தினார். ஆர்க்கிடெக்ட் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் மூக்கை லேசாக உயர்த்தி மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"போன தடவை இந்நேரத்துக்கு ஒரு வாடை வந்துச்சு. இன்னைக்குக் காணோம். என்ன பண்ணீங்க, சென்ட் அடிச்சீங்களா?"

கொழுந்தன் வேகமாகத் தலையை ஆட்டினான், பேச்சை மாற்றச் சொல்லி. அவள் மாற்றவில்லை.

"வாடை ரோமத்துலேந்து வந்துச்சு டீச்சர். சரியா கழுவாம வச்சது என் தப்பு. தண்ணி மிச்சம் பிடிக்கறேன்னு நினைச்சு அழுக்கை மிச்சம் பிடிச்சுட்டேன். இப்ப எல்லாத்தையும் இறக்கிக் கழுவி வச்சிருக்கோம்."

"பார்த்தீங்களா!" என்று பொருளாளர் நிமிர்ந்தார். "கழுவி வச்சதா, இல்ல வேற ஏதாவது மாத்தி வச்சதா? யார் பார்த்தா?"

அவள் மேசையைக் காட்டினாள். பொருளாளர் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறினார். பாயைத் தளர்த்திக் கைநிறைய ரோமத்தை உருவினார். அவள் இன்னொரு கைப்பிடியை டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினாள். மறுபடி கழுவாமல் எடுத்து வைத்திருந்த பழைய ரோமம்.

"ரெண்டுலயும் வாயை வச்சு ஊதிப் பாருங்க. 'ஹா'ன்னு."

பொருளாளர் கூரை ரோமத்தில் ஊதினார். ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அவர் ஊதினார். அது கைமாறிக் கைமாறி, மரியாதைக்குரிய அத்தனை பேரும் ஆளுக்கொரு "ஹா" சொல்லி முடித்தார்கள். பிறகு டப்பா ரோமம் சுற்றுக்கு வந்தது. டீச்சர் ஊதினார். தலை சட்டென்று பின்னால் போனது.

"அன்னைக்கு வந்த கிடா இவரேதான்!"

உடனே திரும்பி வாசல் ஓரத்தில் இருந்த மாமனாரைப் பார்த்தார். டீச்சர் முகம் சிவந்ததை அவரிடம் படித்தவர்கள் யாரும் பார்த்திருக்க முடியாது.

"நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கணும்."

"பரவாயில்ல டீச்சர்" என்றார் மாமனார் பெருந்தன்மையாக. "டிக்கெட் இல்லாதவன் மேல் பலகையில படுத்திருப்பான். கீழ உட்கார்ந்திருக்கற அப்பாவியைத்தான் எல்லாரும் பிடிப்பாங்க. என் உத்தியோகத்துல நானே நிறையப் பண்ணியிருக்கேன்." அவர் எழுந்து, ஆசனத்தை எடுத்துவந்து டீச்சர் பக்கத்து நாற்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பொருளாளர் இன்னும் விடவில்லை. "மண்டபம் பூராவுக்கும் இப்படிக் கழுவ எவ்வளவு தண்ணி ஆகும்?"

"ஒரு கூடைக்கு ஒரு தொட்டி. ஒரே தண்ணி மூணு தடவை உழைக்கும். கடைசியில அதையும் நூலக வாசல் மரங்கள் குடிக்கும்."

அவர் மேலும் கேட்க வாயெடுத்து, கையில் இருந்த சுத்தமான ரோமத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, இன்னொரு தடவை "ஹா" என்று ஊதிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். மண்ணும் மூங்கிலும் ரோமமும் ஜெயித்தன. பொருளாளர் பாதிக் கை தூக்கினார். டீச்சர் அதை முழுக் கையாகச் சேர்த்துக்கொண்டார்.

"ஒரு நிபந்தனை" என்றார் டீச்சர். "கழுவற முறையை இப்பவே சொல்லுங்க. நீங்க இல்லாட்டியும் யார் வேணாலும் தப்பில்லாம செய்யற மாதிரி சொல்லணும். எங்க, எழுந்து நின்னு சொல்லுங்க பார்ப்போம்."

ஆர்க்கிடெக்ட் எழுந்து நின்றாள்.

"மூணு தொட்டி, மூணுலயும் வெந்நீர். முதல்ல வெறுமனே ஊறணும், ரெண்டாவதுல சோப்பு, மூணாவதுல அலசல். எதுலயும் கிண்டக் கூடாது, சூடு ஆறவிடக் கூடாது. அடுத்த கூடைக்கு முதல் தொட்டித் தண்ணி மரத்துக்கு, ரெண்டாவது முதலாவதுக்கு, மூணாவது ரெண்டாவதுக்கு, புதுத் தண்ணி மூணாவதுக்கு மட்டும். வெயில்ல காய வச்சு, வாயால ஊதிப் பார்த்து, ஆடு வரலைன்னா கூரைக்கு ஏத்தலாம்."